பாலத்தில் ஐந்தாவது ஆள்

அன்பின் உம்மா,

ஸலாம். வலது முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

ஆய்வுமுறைப் பாடத்துக்காக, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வரும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளிடமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னார்கள். மகாவலி ஆறு முழுக்கப் பனிமூட்டம். கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது, எண்ணிக்கையே மறந்துவிட்டது.

நிரப்பிய வினாக்கொத்துகளையும் ஓரத்தில் நான் எழுதிய குறிப்புகளையும் பார்த்து கிருஷாந்தி மிஸ் சிரித்தார். "முப்பது பேரும் ஐம்பது வயசு முக்காட்டுப் பொம்பளைங்களா இருக்காங்களே! இனி முகத்தைப் பாக்காம காலைப் பாத்து எண்ணுங்க."

வெள்ளிக்கிழமை மறுபடியும் போகிறேன். யாராவது வலது காலைத் தாங்கித் தாங்கி வந்தால் என்ன செய்வது?

பஸ் வந்துவிட்டது, உம்மா. இங்கே குளிர். உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள். கழுவ வேண்டாம்.

மகள்,
ருஷ்தா