ட்ரக்குப் பாட்டும் நானும்

ஜூன் 9
இந்தக் கோடையின் சிறந்த ‘கன்ட்ரி’ என்கிற நாட்டுப்புறப் பாட்டுக்கு எங்கள் வானொலியில் இன்று போட்டி ஆரம்பம். பத்துப் பாட்டு. ஒன்பதில் ட்ரக், எட்டில் பீர், எல்லாவற்றிலும் செருப்பில்லாத ஒரு பெண். யாராவது அவளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தால் இந்தத் தொழிலே படுத்துவிடும். காலை நிகழ்ச்சி என்னுடையது என்பதால் தேர்வும் என் தலையில்.

ஜூன் 17
இருப்பதிலேயே மட்டம் ‘ஏறு செல்லம் ட்ரக்குல’. பாடுகிறவன் மாட்டைப் பார்த்தது பர்கரில் மட்டும்தான். டென்னசி மாநிலமே அதைத்தான் கேட்கிறது. எரிச்சலில் நேரலையில் சொல்லிவிட்டேன்: “இந்தக் கண்றாவிய நான் தேர்ந்தெடுத்தா, ஊர்த் திருவிழாவுல தண்ணித் தொட்டி மேல பலகையில உக்காருறேன். குறி பாத்துப் பந்து எறிஞ்சு என்னைத் தண்ணில தள்ளி விடுங்க.”
முதலாளி ராய்ஸ் பல்லை இளித்தான். “வெர்னாக்கா, ஊரே கேட்டுடுச்சு.”

ஜூன் 18
வீட்டுக்காரர் ஹாலிஸிடம் சொன்னேன். சிரிப்பு இல்லை. பார் பாராகப் போய் ஸ்டீல் கிட்டார் வாசித்த மனுஷர்; மட்டமான பாட்டு வந்தால் பூட்ஸ் காலாலேயே ரேடியோவை அணைப்பார். அடுத்தவன் பாட்டைக் கேவலமாகப் பேசித்தான் நாங்கள் பாதிக் குடித்தனம் நடத்தினோம். மார்ச்சில் பக்கவாதம். அதிலிருந்து பேச்சில்லை. எல்லாம் புரிகிறது, வாயில் “ம்” மட்டும் வருகிறது. தனியாகத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது.

ஜூலை 6
பேச்சுப் பயிற்சி. “தண்ணி சொல்லுங்க” என்றாள் பயிற்சி தரும் பெண். இவருக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

ஜூலை 23
சமையலறை ரேடியோவில் அந்தச் சனியன் பிடித்த ட்ரக்குப் பாட்டு. அணைக்கப் போனேன். பின்னால் இவர் குரல் —
“ஏறு செல்லம் ட்ரக்குல, பீர் இருக்கு பக்கத்துல…”
முழுசா. ராகம் பிசகாம. ஐயோ கடவுளே, ஒலகத்துல வேற பாட்டே கெடைக்கலயா இந்த மனுஷனுக்கு? அழுதேன். எரிச்சலாகவும் இருந்தது.
பயிற்சிப் பெண் போனில் சொன்னாள்: “பேச்சு போனவங்களுக்கும் சில சமயம் பாட்டு வரும். விடாம கேக்கட்டும்.”
நல்லாப் போச்சு.

ஆகஸ்ட் 14
எனக்கே மனப்பாடம். செருப்பில்லாதவள் கனவிலும் வருகிறாள். ஆனால் பாட்டு நின்றால் இவரும் நின்றுவிடுகிறார். வேறு ஒரு சொல் இல்லை. நான் வேலைக்குப் போனால் வீட்டில் ரேடியோதான் துணை. ஜெயிக்கும் பாட்டை செப்டம்பர் முழுக்க மணிக்கொரு தரம் போடுவது எங்கள் வழக்கம். என்ன செய்ய?

ஆகஸ்ட் 29
‘ஏறு செல்லம் ட்ரக்குல’தான் ஜெயித்தது என்று அறிவித்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை, ஊருக்கு எதற்கு?
“அக்கா, காசு ஏதாச்சும் கை மாறுச்சா?” என்றான் ராய்ஸ்.
“ஆமாடா, ட்ரக் குடுத்தாங்க.”

செப்டம்பர் 6
திருவிழாவில் சொன்னபடி தொட்டியில் விழுந்தேன். பல தடவை. பாதிரியார் குறி தவறவே இல்லை. இந்த ஊருக்கு ரசனையும் கிடையாது, ஈவிரக்கமும் கிடையாது.

செப்டம்பர் 19
காலையில் ரேடியோ போடவில்லை. காப்பியை இவர் முன்னால் வைத்துவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கேடுகெட்ட ராகத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து இவர் பாடினார்:
“காப்பி… ஆறிப் போச்சு… வெர்னா…”
அந்த ராகம் மட்டம்தான், இப்போதும் சொல்வேன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுட வைக்கப் போனேன். அடுப்பைப் பற்ற வைக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.