கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழிலின் கை

ஜனவரி 27

இதெல்லாம் நடக்கும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். என் தங்கை மகள் எழில்மொழி தஞ்சாவூரில் டாக்டருக்குப் படிக்கிறாள், மூன்றாம் வருஷம். இப்போது காது மூக்கு தொண்டைப் பிரிவில் போஸ்டிங். கூடவே ஒரு ஆராய்ச்சியும் கிடைத்திருக்கிறது: மைக் செட் போடுகிறவர்களின் காது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. அறிக்கை சரியாக வந்தால் சென்னையில் டாக்டர்கள் மாநாட்டில் மேடையேறிப் படிக்கலாம். அவள் காலேஜில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்த இடமாம்.

ஐந்து வயதில் டார்ச்சை எடுத்து என் காதுக்குள் அடித்துப் பார்த்தவள் அவள். "இது காது டாக்டராத்தான் வரும்" என்று அன்றைக்கே சொன்னேன். சாட்சிக்கு ஆள் இல்லை. சாட்சி எதற்கு? நான்தான் இருக்கிறேனே.

பாபநாசம் வட்டாரத்தில் மைக் செட் என்றால் கோவிந்தராசு, அதாவது நான். ரெத்தினம் செட் என்றும் சிலர் சொல்வார்கள். அவர்களுக்குக் காது சரியில்லை.

பிப்ரவரி 2

முதல் டெஸ்ட் எனக்கு. சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. தலையில் ஹெட்போன், கையில் ஒரு சுவிட்ச். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். எதிரே கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் எழில் மிஷினோடு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் நாலைந்து சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், அங்கே எழிலின் கை பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறது! விளங்கிவிட்டது. கச்சேரியில் பாடுகிறவர் உள்ளங்கையைத் தூக்கினால் சத்தம் கூட்டு, தாழ்த்தினால் குறை. ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நிற்கிறவன் காதை நம்பியா பிழைக்கிறான்? அவள் கை அசைந்தது, நானும் அமுக்கினேன்.

"மாமா, உங்க வயசுல இப்படி ஒரு காதா!" என்றாள்.

பத்தாம் வகுப்பில் வாங்காத மார்க்கை இங்கே வாங்கிவிட்டேன். (ஒன்பதோடு நின்றுவிட்டேன் என்று ராசம்மாள் சொல்வாள். மனைவி அப்படித்தான் சொல்வாள்.)

பிப்ரவரி 3

இந்த வருஷம் ஊரில் கொசுவே இல்லை. பஞ்சாயத்தில் நான் போட்ட சத்தம் வேலை செய்கிறது. ராசம்மாள்தான் விடிய விடியக் கையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 9

திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் உள்ள மைக் செட்காரர்களை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். என் ஆம்ப்ளிஃபயர் ஆள் அன்சாருக்குத்தான் உதறல். "அண்ணே, போன்ல என் மவ பேசுனா பாதி விளங்க மாட்டேங்குது. இது வெளிய தெரிஞ்சா எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

"கண்ணைத் திறந்து வச்சுக்க. அந்தப் புள்ள கையைப் பாரு. அவ்வளவுதான்."

மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன், ரெத்தினத்துக்கும்கூட. தொழில் எதிரிதான், இருந்தாலும் இது எங்கள் எல்லோருடைய மானம். அத்தனை பேரும் பாஸ்.

பிப்ரவரி 13

எழில் அழுதுகொண்டு வந்தாள்.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு எங்க லைப்ரரில வேலை பாக்கறவங்களையும் டெஸ்ட் பண்ணேன் மாமா. அவங்களுக்கு வயசுக்கு ஏத்தபடி குறைஞ்சிருக்கு. உங்களுக்கெல்லாம் பச்சக் குழந்தைக் காது! பெரிய டாக்டரம்மா பாத்துட்டு, 'அப்ப லைப்ரரியில நாலு பாக்ஸ் கட்டிவிட்டுடலாமா'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

அந்த அம்மா அடுத்துக் கேட்டாராம்: "நாற்காலிய எந்தப் பக்கம் பாக்கப் போட்டே?"

இந்த மாதத்துக்குள் சரியான அறிக்கை போகாவிட்டால் மேடை வேறு பிள்ளைக்குப் போய்விடும். "நான் போட்ட நாற்காலிதான் தப்பு. ஆனா ஒருத்தர் விடாம எல்லாருமா பாத்திருப்பாங்க? மாமா, நீங்க ஏதாச்சும்..."

"நானா?" என்றேன். அந்த 'நானா'வை நாடக மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டு விழுந்திருக்கும்.

என்னடா பண்ணி வச்சிருக்கே கோவிந்தராசு? புள்ள படிப்புல போயா ஒன் வித்தையக் காட்டுவே?

பிப்ரவரி 14

எழிலிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டினால் தேவலை. திட்டவில்லை.

"கேக்குதா கேக்கலையான்னுதான் மாமா கேட்டேன். பாஸா ஃபெயிலான்னா கேட்டேன்?"

மறுபடியும் டெஸ்ட் எடுக்கலாமாம். ஆனால் அதற்கு முந்தின நாள் முழுக்க யாரும் சத்தத்தின் பக்கமே போகக் கூடாது. மாசி முகூர்த்தம் கொட்டுகிற நேரத்தில்!

பிப்ரவரி 16

மறுபடி டெஸ்டுக்கு வா என்று கல்யாண மண்டப வாசலில் ரெத்தினத்தைப் பிடித்தேன்.

"உன் தங்கச்சி மவ மேடை ஏற, நான் ஏன்யா செவிடன்னு பேர் வாங்கணும்?"

"பேரே போட மாட்டாங்கய்யா."

"எனக்குத் தெரியுமில்ல? நீ மொதல்ல ஒக்காரு. நான் வெளியேருந்து பாக்கறேன். நீ ஃபெயிலானா நானும் ஆவறேன்."

அவனுக்கு முன்னால் தோற்கவா இத்தனை வருஷம் செட் ஓட்டினேன்? சரி என்றுவிட்டேன். நாள் மட்டும் சுலபமாகக் கிடைத்தது: இருபதாம் தேதி அஷ்டமி, எவனும் பந்தல் போட மாட்டான். மறுநாள் காலை டெஸ்ட்.

பிப்ரவரி 20

எந்த செட்டும் பாடவில்லை. ஊரே நிசப்தமாக இருக்கிறது என்கிறாள் ராசம்மாள். எனக்கோ எப்போதும் போல 'ஙொய்' என்று ஒரு சத்தம். பக்கத்து வயல் மோட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை.

பிப்ரவரி 21

நாற்காலி சுவரைப் பார்த்து இருந்தது.

கேட்டபோது அமுக்கினேன். கேட்காதபோது சும்மா இருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா? வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன்.

"இன்னும் பாதி இருக்கு மாமா. ஒக்காருங்க."

வெளியே ரெத்தினம் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அவன் உள்ளே போனான். வரும்போது சிரிப்பில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் 4

அறிக்கை ஒப்புக்கொள்ளப்பட்டது. எழில் சென்னைக்குப் போகிறாள்!

என் காதுக்கு டெஸ்டில் வந்த வரைபடக் கோட்டைக் காட்டினாள். நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது, பாதியில் வரப்பு வழுக்கி வாய்க்காலில் விழுந்தவன் மாதிரி கீழே போகிறது. அன்சாருடையது தேவலை. மாநாட்டில் பெரிதாகக் காட்டப்போவது என்னுடையதைத்தானாம். எல்லோரையும்விட மோசம், அதிலும் நான்தான் முதல். பேரைப் போடு என்று கெஞ்சினேன். போடக் கூடாதாம். அநியாயம்.

காதுக்கு மிஷின் வைக்க வேண்டும் என்றாள். அன்சாருக்கும்தான். பார்க்கலாம் என்றேன். "பாக்கவெல்லாம் வேணாம் மாமா, கேளுங்க" என்றாள்.

மார்ச் 23

மிஷின் வைத்து நாலு நாள் ஆகிறது. ஊரில் கொசு இருக்கிறது.

எழில் சென்னையிலிருந்து பேசினாள். மேடையில் அறிக்கையை நன்றாகப் படித்தாளாம். முடிந்ததும் ஒரு பெரியவர், "இந்தத் துறைமேல எப்படிம்மா ஆசை வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "எங்க மாமாவாலதான்" என்றாளாம்.

"டார்ச் அடிச்சுப் பாத்தியே, அதச் சொன்னியா?"

"எந்த டார்ச் மாமா?"

டார்ச்செல்லாம் கிடையாது. அது நானாகக் கட்டியது. ஒன்றாம் வகுப்பு படிக்கையில் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிவரப் போனேன். வண்டியில் பையை வைத்தாள். பையின் கனத்தை அவள் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டே வாழைத்தோப்பு வரைக்கும் ஓடி வந்திருக்கிறாள். வீட்டில் வந்து திரும்பிப் பார்த்தால் பை மட்டும் இருக்கிறது. மிட்டாய்க்கு இறங்கிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

புழுதியும் கண்ணீருமாக வந்து நின்றவள், "மிட்டாய் இல்ல. மாமாவுக்குக் காது கேக்கல" என்றாள்.

நான் எங்கே முன்கூட்டிச் சொன்னேன்? சொன்னது அவள்.