பழைய ஆட்கள்

வியாழன், ஆவணி 9.

முதலாளி கம்பத்தில் இருக்கும் ஏலக்காய்க் கம்பெனியை மூடிவிட்டு, மயிலாடும்பாறைப் பக்கம் வேறு பெயரில் தொடங்கப்போகிறார். பின்தங்கிய வட்டாரம் என்று அங்கே அரசாங்கம் மானியம் தருகிறது. புதிதாக எடுக்கும் ஆட்களின் சம்பளத்திலும் ஒரு பங்கை அரசாங்கமே கொடுக்கும். விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். இங்கே வேலை செய்யும் நம் பெண்களையே எடுத்துக்கொள்ளலாமே என்று அப்போதே முதலாளியிடம் கேட்டேன்.

"பழைய ஆளுகளைக் காட்டுனா புது வேலைன்னு ஒத்துக்க மாட்டாகய்யா" என்றார்.

இன்று மத்தியானம், காய் பொறுக்கும் பெண்களில் மூத்தவரான அருளம்மா அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, முதலாளி அங்கன புதுசா கட்டுறாகளாமே. எங்களையும் வேன் வச்சுக் கூட்டிட்டுப் போவாகளா?"

"இன்னும் முடிவாகலக்கா" என்றேன். விண்ணப்பம் திங்கட்கிழமையே போய்விட்டது.

அவர் திரும்பிப் போய் மற்றவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நம்ம தம்பி இருக்குல்ல, நம்மள விட்டுறாது."



நாளை அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இப்போதே தெரிந்தால் அவர்கள் வேறு வேலையாவது தேடுவார்கள். சொன்னது நான்தான் என்று முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலையும் போகும். போனால் போகட்டும் என்று எழுதப் பார்க்கிறேன். கை வரவில்லை.