கால் டாங்க் பெட்ரோல்

அன்பு மகள் டார்லாவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், வீட்டில் மின்சாரம் வந்து பத்து நாள் ஆகிறது, நீயும் அலாஸ்காவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் உன் அப்பா "வண்டிக்குள்ள பிக்னிக் மாதிரி இருந்துச்சு கண்ணு, சூப்பு வெச்சுக் குடிச்சோம்" என்றாரே, அதில் சூப் மட்டும்தான் உண்மை. நான் பக்கத்திலேயே இருந்தேன், பேசவிடாமல் என் கையை அழுத்திப் பிடித்திருந்தார். அதனால் எழுதுகிறேன். நீ வருஷம் பூராவும் பனியில் நடக்கிறவள், டெக்சாஸ் குளிருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரிப்பாய். இங்கே வீடுகளைக் கட்டியவர்கள் வெயிலை மட்டும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள், மின்சாரம் விற்கிறவர்கள் அதையும் நினைக்கவில்லை.

வாசலில் நின்ற நம் மோட்டார் ஹோம், படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வீட்டு வண்டி, நம் குடியிருப்போர் சங்கத்தின் கண்ணை எப்படி உறுத்தியது என்று உனக்குத் தெரியும். தெருவின் தோற்றம் கெடுகிறது என்று தலைவர் ஹார்லன் டீக் நோட்டீஸ் அனுப்பி, இரண்டு வருஷமாக அது நெடுஞ்சாலை ஓரத்து வண்டிக் கொட்டடியில் கிடந்தது. புயல் வருகிறது என்றதும் சனிக்கிழமை உன் அப்பா போய் ஓட்டி வந்தார். "அவன் நோட்டீஸ் ஒட்டட்டும், எனக்கு மூச்சு ஓடணும்" என்றார். அவருடைய ஆக்சிஜன் மெஷின் மின்சாரம் இல்லாமல் ஓடாதே. பெட்ரோல் பங்கில் வரிசை சாலை வரைக்கும் நின்றதாம், "அரை டாங்க் இருக்கு, ரெண்டு நாளைக்குத் தாராளம்" என்று திரும்பிவிட்டார், நானும் சரி என்றேன். திங்கட்கிழமை விடியும்போது மின்சாரம் போனது. தெருத்தெருவாக மாற்றி மாற்றி நிறுத்துவோம் என்று ரேடியோவில் சொன்னார்கள், எங்கள் முறை மட்டும் முடியவே இல்லை. நம் மேட்டிலிருந்து பார்த்தால் நகரத்தின் ஆளில்லாத அலுவலகக் கட்டடங்கள் ஒவ்வொரு மாடியும் விளக்கோடு நின்றன. எங்கள் சமையலறையில் மதியத்துக்குள் தம்ளர் தண்ணீர் உறைந்துவிட்டது. அப்பாவையும் மெஷினையும் வண்டிக்குள் கொண்டுபோய், வண்டி டாங்கிலிருந்தே பெட்ரோல் குடிக்கிற ஜெனரேட்டரைப் போட்டேன், கேஸ் ஹீட்டர் வேலை செய்தது, நச்சுக் காற்று தங்காமல் இருக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன்.

சாயங்காலம் யார் கதவைத் தட்டினார்கள் என்று நினைக்கிறாய்? ஹார்லன்தான், கூட அவன் மனைவி கிறிஸ்டா, கோட்டுக்குள் மூன்று மாதக் குழந்தை. குழந்தையின் கை நீலமாக இருந்தது. கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் அப்பா மூக்கில் குழாயோடு எட்டிப்பார்த்து "சங்கத்துல அனுமதி வாங்கிட்டு வந்தியா தம்பி?" என்றார். "வா, வா, தெருவோட தோற்றத்தை உள்ள இருந்து பாத்துக்கலாம்" என்று அப்பாவே சிரித்து இடம் கொடுத்தார். அன்றைக்குப் பெரியவர்கள் நான்கு பேரும் சூப் குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு முன் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. முள் கால் டாங்கில் இருந்தது. டார்லா, கால் டாங்கோடு ஜெனரேட்டர் நின்றுவிடும், வண்டியை ஓட்டி வீடு திரும்ப மிச்சம் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மோட்டார் ஹோம் முகாம்களில் புது ஆட்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தவர் உன் அப்பா. எத்தனை மணி ஓடும் என்று கணக்குப் போடும்போது அவரே அரை டாங்கும் ஜெனரேட்டருக்குத்தான் என்று எண்ணிவிட்டார், பள்ளிப் பேருந்து ஓட்டிய நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என்ஜினைப் போட்டால் விளக்கு எரியும், மெஷின் ஓடாது. ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் தெரு முழுக்கக் கண்ணாடிபோல் பனி, இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், "ஆறு மணி நேரமாவது ஆகும் மேடம், கதகதப்பா வெச்சுக்குங்க" என்றாள் ஒரு பெண், அவள் குரலே உடைந்திருந்தது. கைவசம் இருந்த சின்ன சிலிண்டரில் ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் இருந்தது, அதைக் குறைவாகத் திறந்து அப்பாவுக்கு மாட்டினேன். பெட்ரோல் உறிஞ்சி எடுக்கலாம் என்று ஹார்லனின் கார் டாங்கில் ஒரு ரப்பர் குழாயை விட்டால் உள்ளே இறங்கவில்லை, புதுக் கார்களில் திருடாமல் இருக்கத் தடுப்பு வைத்திருக்கிறார்களாம். இருபது நிமிஷம் அதிலேயே போயிற்று. அப்போது கிறிஸ்டா, "படகுல இருக்கே" என்றாள். அவர்கள் காரேஜில் ஒரு படகு இருக்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பது எதுவும் சங்கத்துக்குக் குற்றமில்லை, நம் வண்டி நுழைகிற அளவுக்குக் கதவு நம்மிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் "அது ஒசத்தியான பெட்ரோல், இந்த எஞ்சினுக்கு ஒத்துக்குமான்னு..." என்று இழுத்தான். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்த மனுஷன் உதடு கறுக்குது, நீ ஒசத்தி தாழ்த்தி பேசிட்டு நிக்கிறே! அடி வாங்காம போடா!" என்று கத்தினாள். அதற்கப்புறம் அவன் ஓடினான், உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே ஓடினான். நான் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். வாயால் உறிஞ்சி, வாந்தி எடுத்து, பால் கேன்களில் பிடித்துக் கொடுத்தான். நான் நான்கு தடவை தெருவைக் கடந்தேன், ஒரு தடவை விழுந்தேன், முட்டி கிழிந்தது, கேனைச் சாயவிடவில்லை. எல்லாம் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் ஜெனரேட்டர் உறுமிவிட்டு நிற்கிறது. இரண்டாவது தடவையும் அப்படியே. சிலிண்டர் முள் சிவப்புக்குக் கீழே போய்விட்டது. உன் அப்பா என்னைப் பார்த்து விரலால் மறுபடி அழுத்து என்று மட்டும் காட்டினார். ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. மெஷின் ஓடத் தொடங்கியதும் நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், ஹார்லன் பனியில் மண்டியிட்டு வாயைக் கழுவிக்கொண்டிருந்தான்.

போன வியாழக்கிழமை சங்கக் கூட்டம். ஹார்லன் எழுந்து எங்களுக்கு நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், பிறகு ஒரு தீர்மானம் வாசித்தான்: அவசரக் காலத்தில் மட்டும் மூன்று நாளுக்கு மோட்டார் ஹோம் நிறுத்தலாம், அவசரம் எது என்பதைக் கமிட்டி கூடி அறிவிக்கும். நான் எழுந்து, "நீங்க கூடி அறிவிக்கிற வரைக்கும் என் புருஷன் வெர்னான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கணுமா?" என்று கேட்டேன். உடனே ஓட்டெடுப்பு வைத்தார்கள். கிறிஸ்டா மட்டும் புருஷனுக்கு எதிராகக் கை தூக்கினாள். தீர்மானம் நிறைவேறிவிட்டது. உன் அப்பாவுக்குச் சண்டை பிடிக்காது, "அக்கம்பக்கத்துல பகை வேண்டாம் ரெட்டா" என்கிறார், ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திரும்பக் கொட்டடியில் கொண்டுபோய் விடுவதாக ஹார்லனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் டாங்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். வண்டி ஓட்டும் சாவி இரண்டையும் இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். ஜெனரேட்டருக்குச் சாவி வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், கழுத்துக்குத் துணி இல்லாமல் வெளியே போகாதே, கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். அப்பா போன் செய்து சாவி வந்ததா என்று கேட்பார். வரவில்லை என்று சொல். வண்டியை இழுத்துப்போகச் சங்கம் லாரி அனுப்பினால் அதன் முன்னால் நான் நின்றுகொள்கிறேன்.

உன் அம்மா,
ரெட்டா