எஸ்தரின் கைப்பேச்சு

என் உயிரான எஸ்தருக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. நாகர்கோவில் பஸ் இப்போது நம் ஊர் வழியாகவே ஓடுகிறது. அதன் இரைச்சலை உனக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? உன் கையை என் நெஞ்சில் வைத்து உறுமிக் காட்டியிருப்பேனா?

உனக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. எனக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. மற்ற பிள்ளைகள் விளையாடப் போனபின் சபை முற்றத்தில் மிச்சமிருந்தது நாம் இருவர்தான். அங்கேதான் விரல்களால் பேசப் பழகினோம். மழைக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, ஜெபத்தை நீட்டுகிற உபதேசியாருக்கு ஒன்று.

உன் பதினேழாவது வயதில் ஒருநாள், என் பெயருக்கு வைத்திருந்த சைகையைச் செய்து, அந்தக் கையை அப்படியே உன் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். வெட்கப்பட்டு ஓடினாய். துரத்தி வரமுடியாதவன் என்று நினைவு வந்ததோ என்னவோ, மதிலருகே நின்று திரும்பி வந்தாய்.

என் அம்மா உன்னைப் பெண் கேட்டு வந்தபோது உன் அப்பா சொன்னார்: "நடக்க மாட்டாதவனும் கேக்க மாட்டாதவளும் ஒரு வீட்டில இருந்தா, யாரு பொங்கி யாரு திங்க?" அவர் உதட்டைப் பார்த்தே நீ புரிந்துகொண்டாய். மறுநாள் எங்கள் அடுக்களையில் சோறும் மீன்கறியும் வைத்து, சுமந்துபோய் அவர் முன்னால் இறக்கினாய். தின்று முடித்து, "செரி, அறுப்பு கழியட்டு, கல்யாணத்த வச்சிரலாம்" என்றாராம்.

அந்த அறுவடைக்கு முன்னே ஊரில் வாந்திபேதி வந்தது. உன் தம்பியை நீ பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாய். அவன் பிழைத்தான்; நோய் உன்னைப் பிடித்துக்கொண்டது. உன்னை அடக்கம் செய்த அன்று, தொற்றிவிடும் என்று என்னைத் தூக்கிப்போக யாரும் துணியவில்லை. வாசல்வரை தவழ்ந்து போனேன், எஸ்தர். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். உனக்கு ஒருநாளும் கேட்டிராத குரல்தானே அது?

போன ஞாயிறு உன் அப்பா வந்தார்.

"மக்கா, அவ உங்கிட்ட என்னையப் பத்திப் பேசுவாளா?"

"பேசுவா மாமா."

"என்னைய எப்பிடிக் கூப்பிடுவா?"

மேலுதட்டை இரண்டு விரலால் நீவிக் காட்டினேன்.

"இதா? மீசைய அவ கேலி பண்ணுகான்னு நெனச்சு, எத்தன மட்டம் அந்தக் கையத் தட்டிவிட்டிருக்கேன்."

பிறகு தன் நரைத்த மீசையைத் தானே நீவி நீவி அழுதார்.

உன் மற்ற சைகைகளையும் கற்றுத்தரச் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் வருவார். அவரிடம் நீ சொல்ல நினைத்து என்னிடம் சொன்னதையெல்லாம், ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

உன் வீட்டு மருமகனாக வரவிருந்த
ஞானமணி