சாவி என் கைப்பையில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்கென்று ஒரு பூட்டு கொடுத்தார்கள்! சிவப்புப் பூட்டு, என் படம் ஒட்டிய அட்டையோடு. தொழிற்சாலைகளில் இயந்திரங்களைச் சோதிக்கும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெயின் சுவிட்சில் இதை மாட்ட வேண்டும். ஒரே சாவி. மாட்டியவர்தான் திறக்க வேண்டும்.

"கல்யாண ஆல்பத்துலகூட நீ இப்படிச் சிரிக்கல" என்கிறார் இவர். சொல்லட்டும். மாதக் கடைசிவரை நான் தற்காலிகம்தான். சரிப்படாவிட்டால் மறுபடி வீடு. பாப்பா பிறந்தபின் கிடைத்த முதல் வேலை, விடுவேனா?

மார்ச் 5, வியாழன்

நாளை முதல்முறையாகத் தனியாக! ரொட்டித் தொழிற்சாலை. பாப்பா தூங்கிவிட்டாள், எனக்குத்தான் வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி



மாவு பிசையும் இயந்திரம் — ஆள் உள்ளே இறங்கலாம், அவ்வளவு பெரிய தொட்டி. பூட்டை மாட்டி, மூடி, கத்தி, அவசர நிறுத்தம் எல்லாம் படம் எடுத்துப் பதிந்துகொண்டிருந்தேன். வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் போன். "அண்ணி, பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது."

அவ்வளவுதான். எப்படி ஓடினேன், எதில் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை. டாக்டரிடம் காட்டி, மருந்து கொடுத்து, பாப்பா சிரித்த பிறகுதான் கைப்பையில் கையை விட்டேன். சாவி! பூட்டு அங்கேயே தொங்குகிறது!

அதற்குள் தொழிற்சாலை சூப்பர்வைசரிடமிருந்து போன். "என்னம்மா, விளையாடுறீங்களா? வேலையே நிக்குது. பூட்டை அறுத்துடட்டுமா?"

"ஐயோ, அறுக்காதீங்க சார், இதோ வந்துட்டேன்!"

"அண்ணி, ஒரு கால்ல என் செருப்பு!" என்று நாத்தனார் கத்தியது தெருமுனையில்தான் காதில் விழுந்தது.

போனால், மனிதர் கட்டரும் கையுமாக நிற்கிறார். "உள்ள யாரும் இல்ல, சீக்கிரம் திறங்க." திறக்குமுன் நம் கண்ணால் பார்க்க வேண்டும், அதுதான் முறை. எட்டிப் பார்த்தேன். தொட்டிக்குள் ஒரு முதுகு! ஃபிட்டர். காதில் பாட்டு, குனிந்து கத்தியில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"யோவ், வெளிய வாய்யா!" — நானா அப்படிக் கத்தினேன்?

"உங்க பூட்டு தொங்குதே மேடம், அந்தத் தைரியத்துலதான் இறங்கினேன்." உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பூட்டையும் சேர்த்து மாட்ட வேண்டும்; இவர் மாட்டவே இல்லை.

சூப்பர்வைசர் கட்டரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 7, சனி

அறிக்கையில் என்ன எழுத? சாவியோடு ஓடியதை எழுதினால் வேலைக்கே உலை. எழுதாவிட்டால், என்னவோ நான் காவல் நின்று அவரைக் காப்பாற்றியது மாதிரி இருக்கும். நான் எங்கே காப்பாத்தினேன்? மறந்துட்டுப் போனேன். சாவியோடு ஓடியது, ஃபிட்டர் உள்ளே இருந்தது, இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பியே விட்டேன்!

மார்ச் 9, திங்கள்

எங்கள் அலுவலக மேலாளர் அம்மா கூப்பிட்டார்.

"சாவியோட போனது பெரிய தப்பு. தெரியுதில்ல?"

தலையாட்டினேன்.

"இனிமே அவசரம்னா எனக்கு ஒரு போன் பண்ணு. நான் வந்து என் பூட்டை மாட்டிட்டு உன்னை அனுப்பறேன்."

இனிமேயா? இனிமேன்னுதானே சொன்னாங்க? வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

நாளை முதல் பாப்பா எங்கள் அலுவலகக் காப்பகத்தில். நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அங்கே இடம்.

"அப்போ என் வேலை போச்சா அண்ணி?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள் நாத்தனார். பிறகு அவளேதான் உட்கார்ந்து, பாப்பாவின் குட்டிப் பையில் பெயரைத் தைத்துக் கொடுத்தாள்.