எண்பது காலர்

அடுகோடி
14.2.1999

ஷோபாவுக்கு,

உன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மூன்று வருடம் கழித்து என் பெயரை உன் கையெழுத்தில் பார்த்தேன். கார்மென்ட்ஸில் நம் லைனிலிருந்து யாரும் வரமாட்டார்கள். காரணம் உனக்குத் தெரியும்.

புது மெஷின்கள் வந்தபோது, டார்கெட் வைக்க ஸ்டாப்வாட்ச்காரர் நம் வேகத்தை அளக்கும் நாளில் மணிக்கு ஐம்பது காலருக்கு மேல் யாரும் தைக்கக் கூடாது என்று பேசி வைத்தோம். அவர் உன் அருகில் நின்று, “இஷ்டேனா? இவ்ளோதானாம்மா உங்க வேகம்?” என்று சிரித்தார். உனக்கு ரோஷம் வந்து, ஐம்பதைத் தாண்டித் தைத்துத் தள்ளினாய். மறுநாள் போர்டில் எல்லோருக்கும் எண்பது என்று டார்கெட் எழுதியிருந்தது.

அதை எட்ட முடியாத முனியம்மாக்காவை முதல் மாதமே நிறுத்திவிட்டார்கள். இப்போது ஈஜிபுராவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். “நல்லா இருக்கட்டும்டி, அந்த எண்பது காலர்காரி” என்று இன்னும் உன்னைத்தான் சொல்கிறார்.

அதன் பிறகு உன்னோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நானும் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். ஆறு வாரத்தில் நீ வேலையை விட்டாய்.

அன்று ஸ்டாப்வாட்ச்காரர் உன்னிடமிருந்து நேராக என்னிடம்தான் வந்தார். எல்லோரும் உன்னையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். உன் பக்கம் குவிந்த காலர்களைப் பார்த்த பிறகு என் கை அடங்கவில்லை. அவர் அட்டையில் எழுதியதைப் பார்த்தேன். உன் பெயருக்கு நேரே எழுபத்திரண்டு. எண்பது என்னுடையது.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

முனியம்மாக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீயே அவரிடம் படித்துக் காட்டு. என் வாயால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
உன் பக்கத்து மெஷின்காரி